ஆகஸ்டில் வந்த வசந்தம்

ரோண்டா ஸ்டௌஃபர் 2011 அக்டோபரில் தன் மகள் டிர்சாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள். ஒன்றாம் வகுப்பு ஆசிரியை ஒரே வேலைத்தாளை ஒரே வாரத்தில் இரண்டு முறை கொடுத்துவிட்டார் என்பது அதற்கு அவள் சொன்ன காரணம். அது உண்மைதான். இரண்டு தாள்களையும் தேதியிட்டு வைத்திருந்தாள்; கேட்டவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினாள்.

அந்த ஒரு தாளுக்குப் பழிதீர்ப்பது போல, அடுத்த ஐந்து ஆண்டுகளில் இணையத்திலிருந்து 6,318 வேலைத்தாள்களை இறக்கினாள். அவற்றில் அச்சிட்டவை 1,940. பிள்ளைகளின் பென்சில் பட்டவை 407. மற்றவை பச்சை, மஞ்சள், ஊதாக் கோப்புகளில், மூலைகூட மடங்காமல் சாப்பாட்டு அறை அலமாரியில் நின்றன. திருமணத்துக்கு முன் ஒன்பது ஆண்டுகள் பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் கோப்புகளை நிறவாரியாக அடுக்கியவள் அவள். பல்லைப் பற்றி அங்கே அவள் எதுவும் கற்றுக்கொள்ளவில்லை. யாரும் அவளிடம் அதைக் கேட்கவுமில்லை.

கணவன் க்ளெனுக்குப் பால் லாரி ஓட்டுவது வேலை. ஜூனியாட்டா மாவட்டப் பண்ணைகளில் விடிவதற்குள் பாலை ஏற்றி, மதியம் வீடு திரும்புவான். மூத்தவள் டிர்சா, அவளுக்கு நான்கு வயது இளையவன் ஏசா. சாப்பாட்டு மேசைதான் பள்ளிக்கூடம். மதியம் சோளமும் கோழியும் போட்ட சூப் வரும்போது கணக்கும் பூகோளமும் நாற்காலிக்கு மாறும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிள்ளைகளை வீட்டில் படிக்கவைப்பவர்கள் ஆண்டுக்கு நூற்றெண்பது நாள் பாடம் நடந்ததற்குப் பதிவு வைத்திருக்க வேண்டும். ஆண்டு முடிவில் தகுதி பெற்ற ஆசிரியர் ஒருவர் அந்தப் பதிவைப் பார்த்து, பிள்ளையோடும் பேசி, படிப்பு நடந்திருக்கிறது என்று கடிதம் தர வேண்டும். கடிதம் ஜூன் 30-க்குள் பள்ளி மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் விசாரணை, அதன்பிறகு காலை ஏழு மணிக்கு வாசலில் பள்ளியின் மஞ்சள் பஸ். அந்தப் பஸ் தெருவில் வந்தால் ரோண்டா திரைச்சீலையை இழுத்துவிடுவாள்.

ஐந்து ஆண்டுகள் கவலை இருக்கவில்லை. கடிதம் தந்துகொண்டிருந்த மூதாட்டி கோப்பின் கனத்தைக் கையால் தூக்கிப் பார்ப்பார், சாக்லேட் கேக் ஒன்றைத் தின்பார், கையெழுத்திடுவார். 2016 கோடையில் அவர் மகளோடு ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக வரப்போகிறவர் ஹார்லன் ரீஸ், முப்பத்தொரு ஆண்டுகள் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அவரைப் பற்றி வந்த செய்தி ஒன்றுதான்.

"ஒவ்வொரு பக்கமா படிக்கிறாராம்" என்றாள் கார்லீன் சூக். வியாழக்கிழமைதோறும் தேவாலயத்தின் அடித்தளத்தில் கூடும் வீட்டுப்பள்ளித் தாய்மார்களில் கார்லீன் ஒருத்திதான் இணையத்தைத் தொடாதவள். தான் படித்த புத்தகங்களையே பிள்ளைகளுக்கும் வைத்திருந்தாள். "ஒனக்கென்ன ரோண்டா, ஒன்கிட்ட படிக்க நெறய இருக்கே. பாவம், அந்த மனுசன் கெழவனாயிடுவாரு."

அன்றே ரோண்டா ஒரு சபதம் எடுத்தாள். இந்த ஆண்டு ஒரே திட்டம். அதில் ஒரு கட்டத்தையும் விடாமல் 'டிக்' போட வேண்டும்.

இயற்கைப் பாடத்துக்கு மூன்று நாள் தேடி ஒரு திட்டத்தைக் கண்டுபிடித்தாள். முப்பத்தாறு வாரம், வாரத்துக்கு இரண்டு பாடம், நூற்று நாற்பத்து நான்கு பக்கம். ஓரங்களில் கொடியும் பூவும் நீர்வண்ணத்தில் ஓடின. கட்டங்கள் வட்ட மூலையோடு இருந்தன. எழுத்து அழகாக இருந்தது. எழுதியிருந்ததை அவள் படிக்கவில்லை. அழகாக இருந்த ஒன்றைப் படித்துச் சோதிப்பது மரியாதை இல்லை என்பது போல நேரே வாங்கும் பொத்தானை அழுத்தினாள். எந்தத் தேதியில் தொடங்கப்போகிறீர்கள் என்று அது கேட்டது. 2016 ஆகஸ்ட் 29, திங்கள் என்று இட்டாள். அந்தத் தேதிக்கு என்ன பருவமோ அதற்கேற்ப முப்பத்தாறு வாரப் பாடங்களும் திரையில் பொலபொலவென்று வந்து விழுந்தன. எந்த ஊரின் பருவம் என்று அதுவும் கேட்கவில்லை, இவளும் யோசிக்கவில்லை.

இரண்டு பிரதிகள் அச்சிட்டாள். சும்மா அச்சிட்டால் சூப் சிந்தும் என்று, பக்கம் பக்கமாக லேமினேட் செய்து, சுருள்கம்பி போட்டுக் கட்டினாள். கட்டங்களில் ஒட்ட, டிக் அச்சிட்ட ஒட்டுப்பொட்டுகள் ஒரு பெட்டி வாங்கிவைத்தாள். நான்கு நாள் வீடு முழுவதும் சூடான பிளாஸ்டிக் வாடை.

"பன்றிக்கறிய உப்புல போடுற மாதிரி போடுறியே" என்றான் க்ளென். "எத்தன வருசம் கெடாம இருக்கும்?"

"ஒனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாதுதான். மாட்டுக்குப் புரியுற அளவுதான் எனக்குப் புரியும்."

முதல் கூட்டத்திலேயே திட்டத்தைப் பற்றி ரோண்டா அரைமணி நேரம் பேசினாள். பதினொரு குடும்பங்கள் அவள் சொல்லை நம்பி அதையே வாங்கின. கார்லீன் வாங்கவில்லை.

இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமைப் பாடம் இப்படித் தொடங்கியது: "வசந்தம் வந்துவிட்டது! கறுப்பு வெள்ளைப் பறவைகள் முட்டையிட்டிருக்கும் காலம் இது. வழியில் போகிறவர்களின் தலையில் அவை கொத்தும். தலைக்கவசம் அணிந்து வெளியே செல்லவும். கவசத்தின் பின்பக்கம் இரண்டு கண்கள் வரைந்துகொண்டால் நல்லது." பக்கத்தின் கீழே கட்டம்: தலைக்கவசம், கண்கள், பறவை.

ரோண்டா கண்களை வரைந்தாள். பிள்ளைகள் சைக்கிள் தலைக்கவசத்தோடு சோளக்காட்டு வரப்பில் நாற்பது நிமிடம் நடந்தார்கள். செப்டம்பர் மாதம், காட்டில் சோளம் அறுவடைக்குக் காய்ந்து நின்றது. காக்கை ஒன்று கம்பத்திலிருந்து அவர்களைப் பார்த்துவிட்டு, கொத்த மனம் வராமல் வேறு பக்கம் போனது. லாரியோடு திரும்பிய க்ளென் வண்டியை நிறுத்திப் பார்த்தான்.

அன்று சாப்பாட்டின்போது சொன்னான்: "பசங்களுக்கு மண்டைல ஏதாச்சும் ஏறுதோ இல்லியோ, ஹெல்மெட்டாவது ஏறிச்சு."

செப்டம்பர் 8, வியாழன் காலை, கூட்டத்துக்குக் கிளம்புமுன், ரோண்டா முதன்முறையாகத் திட்டத்தின் முன்னுரையைப் படித்தாள். எழுதியவள் ஆறு பிள்ளைகளின் தாய். தன் வீட்டுப் பின்புறத்துத் தைலமரங்களைப் பற்றியும், கிறிஸ்துமஸ் அன்று கடற்கரையில் வெயிலில் கருகிப்போன மாமனாரைப் பற்றியும் அன்போடு எழுதியிருந்தாள். ஊர், ஆஸ்திரேலியாவில் ஒரு சிறு நகரம்.

ரோண்டா கம்பிக்கட்டை மூடி, மேல் உறையைத் துடைத்தாள். கூட்டத்துக்குப் போனாள்.

கார்லீன் காத்திருந்தாள். "ரோண்டா, ஒங்க பக்கம் வானம் ஏதாவது இடிஞ்சு விழுதா? பிள்ளைங்கள கவசம் போட்டு அனுப்புறியாமே."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. ஆனால் பதினொரு பெண்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். பதினொருவர் கையிலும் அதே கம்பிக்கட்டு.

"அது பார்வைத்திறன் பயிற்சி" என்றாள் ரோண்டா. "பழைய முறைல இதெல்லாம் கெடையாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாமா என்று கேட்பார்கள். ரோண்டா மீதி முப்பத்து நான்கு வாரமும் மறைத்தாள். தனக்குத்தானே ஒரு சமாதானமும் சொல்லிக்கொண்டாள்: பிள்ளைகளுக்கு வயது பத்தாது, ஒன்றும் தெரியாது. மிஸ்டர் ரீஸ் எண்ணுவதானால் எண்ணட்டும், கட்டங்கள் எல்லாம் நிரம்பியிருக்கும்.

டிசம்பரில் பாம்பு வரும் காலம் என்றது திட்டம். நடக்கும்போது காலைத் தட்டித் தட்டி நடக்கவும் என்றது. பிள்ளைகள் பத்து அங்குலப் பனியில் தட்டித் தட்டி நடந்தார்கள். மரப்பட்டையில் சிள்வண்டுகளின் தோலைத் தேடச் சொன்னது. தேடினார்கள். டிசம்பர் 20 அன்று, மூன்றடிக் குச்சியை நட்டு, நண்பகலில் அதன் நிழல் குட்டையாகத் தெற்கே விழுவதைக் காணச் சொன்னது.

ஏசா உள்ளே ஓடிவந்தான். "அம்மா, சூரியன் தப்பான பக்கம் நிக்குது!"

"மேகமா இருக்கும். டிக் போட்டாச்சா?"

"வானம் சுத்தமா இருக்கும்மா."

"அப்ப குச்சி சாஞ்சிருக்கும். கதவ மூடு, குளிரு."

ஏப்ரலில் உதிர்ந்த இலைகளில் பத்து வகை சேகரிக்கச் சொன்னது. அப்போதுதான் மேப்பிள் துளிர்விட்டிருந்தது. ஏசா கிளையை வளைத்துப் பத்து துளிரைக் கிள்ளிக்கொண்டு வந்தான். ரோண்டா டிக் போட்டாள். பாடம் முடிந்ததும் டிர்சா ஒரு நோட்டில் ஏதோ எழுதுவதை ரோண்டா பார்த்திருந்தாள். பக்கங்கள் நிறைந்தால் போதும் என்று அந்த நோட்டைப் படிக்கவில்லை. நிறைந்த நோட்டு கோப்பின் பின்னால் செருகப்பட்டது.

மே மாதம் முடிந்தபோது எழுபத்திரண்டு இயற்கைப் பாடத்துக்கும் எழுபத்திரண்டு டிக் இருந்தன.

2017 ஜூன் 13, செவ்வாய், காலை ஒன்பது மணிக்கு மிஸ்டர் ரீஸ் வந்தார். மெலிந்த மனிதர், சட்டைப் பையில் இரண்டு பென்சில். சாக்லேட் கேக் வைத்த தட்டை முழங்கையால் ஓரமாகத் தள்ளிவிட்டு, முதல் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கினார். ஏசாவைக் கணக்கு கேட்டார், வாசிக்கச் சொன்னார், தலையாட்டி அனுப்பினார். பிறகு இயற்கைக் கோப்புக்கு வந்தார். கம்பிக்கட்டை விரைவாகப் புரட்டியவர், டிர்சாவின் நோட்டில் நின்றுவிட்டார். அதற்கு மட்டும் ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டார்.

ரோண்டா சமையலறையில் நின்று, ஏற்கெனவே கழுவிய தட்டை மறுபடி கழுவினாள். இடையில் கதவு கிடையாது. எல்லாம் கேட்டது.

"மிஸ் ஸ்டௌஃபர், இது நீ எழுதினதா?" என்று டிர்சாவைக் கேட்டார் ரீஸ்.

"ஆமா சார்."

அவர் உரக்கப் படித்தார். "'செப்டம்பர் 6. நாற்பது நிமிடம். தலையில் எந்தப் பறவையும் கொத்தவில்லை. காக்கை ஒன்று. அது எங்களைப் பார்த்துப் போய்விட்டது.' 'டிசம்பர் 20. நிழல் வடக்கே விழுந்தது. ஆறடி ஒன்றரை அங்குலம். குச்சி சாயவில்லை. மூன்று முறை பார்த்தேன்.' 'ஏப்ரல் 25. இலைகள் உதிரவில்லை. ஏசா கிள்ளினான்.'" அவர் பக்கத்தைத் திருப்பினார். "எழுபத்திரண்டு நாள்ல புஸ்தகத்துல சொன்னது எத்தன நாள் கெடச்சுது?"

"நாலு. எறும்பு, செலந்தி, மழை, நிலா. நிலாகூட படத்துல தலகீழா இருந்துச்சு சார்."

"ஏன்னு தெரியுமா?"

"தெரியும். அது ஆஸ்திரேலியாவுக்கு எழுதினது."

"எப்பலேருந்து தெரியும்?"

"ரெண்டாவது வாரத்துலேருந்து."

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாமே?"

டிர்சா கம்பிக்கட்டைத் தொட்டுக் காட்டினாள். "அதுக்குள்ள அம்மா லேமினேட் பண்ணிட்டாங்க."

சமையலறையில் குழாய் நின்றது. இத்தனை மாதமாகப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் தான் பார்த்துக்கொண்டதாக ரோண்டா நினைத்திருந்தாள். மகளோ அம்மாவுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். பனியில் காலைத் தட்டி நடந்ததெல்லாம் அதற்காகத்தான்.

அவள் ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"திருமதி ஸ்டௌஃபர், ஒங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார் ரீஸ்.

இப்போதுதான், இந்த நிமிடந்தான் என்று சொல்லிவிட வாய் வந்தது. டிர்சா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லாததை இல்லை என்று அறுபத்தெட்டு முறை எழுதிய பிள்ளை.

"செப்டம்பர் எட்டு" என்றாள் ரோண்டா. "வியாழக்கிழமை. காலைல."

"அப்ப அம்மாவும் பொண்ணும் ஒரே வாரம்." அவர் சிரிக்கவில்லை. "பிள்ளைங்க படிச்சிருக்காங்க. அதுக்குக் கடிதம் தரேன், அதுல சந்தேகமே இல்ல. இந்த நோட்டு மாதிரி ஒண்ணு முப்பத்தொரு வருசத்துல என் கைக்கு வந்ததில்ல. ஆனா இந்தக் கட்டு இருக்கே, இதோட மொதப் பக்கத்துல 'தன்னைச் சுற்றியுள்ள இயற்கையைப் பிள்ளை அறியும்'னு அச்சடிச்சிருக்கு. கீழ எழுபத்திரண்டு டிக். அது ஒங்க கையெழுத்துக்குச் சமம். இத இப்படியே வெச்சா நான் கணக்குல எடுத்துக்க மாட்டேன். எந்த நாட்டுக்கு எழுதினது, ஒங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு இதே பக்கத்துல எழுதுங்க. பேனாவால."

ரோண்டா பேனாவை எடுத்தாள். பிளாஸ்டிக்கில் மை நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு போனது. தடித்த மார்க்கரால் எழுதினாள். எழுதி முடித்துக் கை எடுக்குமுன் மணிக்கட்டு பட்டு 'ஆஸ்திரேலியா' அழிந்தது. மூன்றாம் முறையும் அழிந்தது. ரீஸ் அப்போதுதான் ஒரு சாக்லேட் கேக்கை எடுத்துக் கடித்தார்.

டிர்சா போய்க் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து அம்மாவின் பக்கத்தில் வைத்தாள்.

பிளாஸ்டிக்கை நறுக்கி, உள்ளேயிருந்த காகிதத்தை உரித்தெடுத்து, ரோண்டா மூன்று வரி எழுதினாள். தேதியிட்டாள். 11.20-க்கு ரீஸ் கடிதத்தில் கையெழுத்திட்டார். தொப்பியை எடுக்கும்போது, "வெள்ளிக்கிழம பெத்தனி காஃப்மன் வீட்டுக்குப் போறேன். அடுத்த வாரம் இன்னும் சில வீடு. அவங்ககிட்டயும் இதே கட்டுதானா?" என்றார்.

"ஆமா."

"அவங்களுக்குத் தெரியுமா?"

அவர் பதிலுக்குக் காத்திராமல் போனார். கடிதம் மேசைமேல் இருந்தது. ஓராண்டாக அவள் வேண்டிக் கிடந்த கடிதம். அதை எடுத்துப் பார்க்காமல், ரோண்டா தொலைபேசியை எடுத்தாள். மதியம் 12.05 முதல் 2.40 வரை பத்துப் பேரிடம் பேசினாள்.

ஆறு பேர் அந்தத் திட்டத்தை இரண்டாம் வாரத்துக்குமேல் திறந்ததே இல்லை. "அது ரொம்ப அழகா இருந்துச்சு ரோண்டா, கிறுக்க மனசு வரல" என்றாள் ஒருத்தி. நான்கு பேர் செப்டம்பரிலேயே கண்டுபிடித்து, பாடங்களை ஆறு மாதம் மாற்றிப்போட்டுச் சத்தமில்லாமல் நடத்திவிட்டிருந்தார்கள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று ரோண்டா கேட்டாள்.

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சோம். கேட்டா ஒனக்குச் சங்கடமா இருக்கும்னு கேக்கல. கார்லீன்கூட, பாவம் விடுங்கன்னு சொல்லிட்டா."

கார்லீன் பாவம் பார்த்தாள் என்பது மற்ற எல்லாவற்றையும்விட ரோண்டாவைக் குத்தியது.

பதினோராவது ஆள் பெத்தனி. இருபத்தாறு வயது, ஆறு வயது மகளுக்கு இதுதான் முதல் ஆண்டு. கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து ரோண்டா சொல்வதை எழுதிக்கொள்கிறவள். ரோண்டா வேகமாகச் சொல்லி முடித்தாள். மறுமுனையில் பெத்தனி பக்கத்தைப் புரட்டுவது கேட்டது.

"அப்ப அந்தப் பறவைங்க இங்க கெடையாதா?"

"கெடையாது."

"நான் தப்பு எங்ககிட்டதான்னு நெனச்சேன் ரோண்டா. ஒங்க வீட்டுல எல்லாம் டிக் ஆகுதுன்னு சொன்னீங்க. எங்களுக்கு ஒண்ணுமே தெம்படல. அவளுக்குப் பார்க்கத் தெரியல, எனக்குச் சொல்லித்தரத் தெரியலன்னு தெனம் அரைமணி கூட்டினேன். பனியில கூட. அவ அழுவா." பெத்தனி மூக்கை உறிஞ்சினாள். "பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிடலாம்னு விண்ணப்பம்கூட வாங்கி வெச்சிருக்கேன்."

ரோண்டா சொல்ல வைத்திருந்த விளக்கங்கள் நான்கு. நான்கையும் விட்டுவிட்டாள். "தப்பு என்னோடது" என்றாள். பிறகு, "நீ எழுதி வெச்சிருக்கியா? பார்த்தது, பார்க்காதது?"

"டிக் போடல. ஒண்ணும் இல்லையே, எப்படிப் போடுறது? தெனம் என்ன இருந்துச்சோ அத மட்டும் சும்மா எழுதினேன். அணிலு, பனி, பக்கத்து வீட்டு நாய், அந்த மாதிரி. அதெல்லாம் தூக்கிப் போடணுமா?"

"தூக்கிப் போட்டுடாத! எதையும் தொடாத. நான் வரேன்."

பெத்தனியின் வீடு பதினான்கு மைல். ரோண்டா 3.10-க்குப் போய்ச் சேர்ந்தாள். பெத்தனியின் கட்டும் லேமினேட் செய்ததுதான். ரோண்டா சொல்லியே செய்தது. சமையலறை மேசையில் இரு பெண்களும் உட்கார்ந்து, முதல் பக்கத்தில் உண்மையை எழுத, அதன் பிளாஸ்டிக்கை நறுக்கினார்கள். பெத்தனி நடுவில் கத்தரியைக் குத்தினாள்.

"அப்படி இல்ல" என்றாள் ரோண்டா, கையை நீட்டி. "ஓரத்துலேருந்து ஆரம்பி. இதுக்கு ஒரு மொற இருக்கு."

பெத்தனி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். பிறகு கத்தரியை மறுபடியும் நடுவிலேயே குத்தி, தன் போக்கில் வெட்டினாள். ரோண்டா கையை மடியில் வைத்துக்கொண்டாள்.